காட்டுக்குப் போனால் உடம்பு தேறுமா? போகிறவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள்?

வந்த கேள்வி இது: “என் அண்ணனுக்கு 52 வயது. ரத்த அழுத்தம் இருக்கிறது, தூக்கம் சரியில்லை. மாத்திரைகளை நிறுத்திவிட்டு மலைக்காட்டில் ஒரு விடுதியில் பத்து நாள் தங்கப் போகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். உடம்புக்காகக் காடு தேடிப் போகிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஏன் போகிறார்கள்? இதில் மருத்துவம் ஏதாவது இருக்கிறதா, வெறும் நம்பிக்கைதானா?”

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தாராளமாகப் போகட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால், அழுத்தம் முன்பு இருந்ததைவிட மேலே எகிறும். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம் மலை இறங்க வேண்டிய இடத்தில் அது நடக்கக் கூடாது. இதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். மீதியை நிதானமாகப் படிக்கலாம்.

நுரையீரல் நோய்களைப் பார்க்கும் மருத்துவராக எனக்கு முப்பது வருடம் ஆகப்போகிறது. காட்டுக்கும் என் துறைக்கும் உள்ள உறவு மிகப் பழையது, அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு அம்மா வந்தார். மூச்சு முழுசாக உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது, நெஞ்சில் பாதியிலேயே நின்றுவிடுகிறது என்றார். எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, மூச்சுத் திறன் சோதனை எல்லாம் பார்த்தோம். எதிலும் குறை இல்லை. வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், பிளஸ் டூ படிக்கும் மகன், ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவர். இரண்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தபோது முகமே வேறாக இருந்தது. தங்கையோடு கொல்லிமலைக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாராம். அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்தாராம். பலாப்பழம் சாப்பிட்டாராம். ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்க ஆரம்பித்து, திரும்ப ஏற வேண்டுமே என்று பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். மூச்சு எப்படி இருந்தது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அங்க மூணு நாளும் என்னை யாருமே கூப்பிடல, டாக்டர்.”

உங்கள் கேள்விக்கு என் பதிலில் பெரும்பங்கு அந்த அம்மா சொன்னதிலேயே இருக்கிறது. உடம்புக்காகக் காட்டுக்குப் போகிறவர்களிடம் காரணம் கேட்டால் நல்ல காற்று, மூலிகை, அமைதி என்று சொல்வார்கள். அவையும் உண்மைதான். ஆனால் ஒருவரை வீட்டை விட்டுக் கிளப்புவது பெரும்பாலும் காட்டில் இருக்கும் ஏதோ ஒன்று இல்லை, வீட்டிலும் வேலையிலும் அவரை விடாமல் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று. காட்டில் மனிதரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அங்கே அவர் யாருக்கும் மருமகள் இல்லை, மேலாளர் இல்லை, கடன்காரர் இல்லை. இதைத்தான் தேடிப் போகிறார்கள் என்பது இத்தனை வருடம் நோயாளிகளிடம் கேட்டதிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு.

இனி பழைய கதைக்கு வருகிறேன். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் மருத்துவர்கள் காட்டையும் மலையையும்தான் எழுதிக் கொடுத்தார்கள். 1850களில் ஹெர்மன் பிரேமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் சைலீசியாவில் காடு சூழ்ந்த ஒரு மலைப் பள்ளத்தாக்கில் காசநோயாளிகளைத் தங்கவைத்து வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அந்த முறை ஐரோப்பா எங்கும் பரவியது.

அமெரிக்காவில் இதைத் தொடங்கிய எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோவின் கதைதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. இளவயதில் காசநோயில் கிடந்த தன் அண்ணனைக் கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர். பிறகு மருத்துவரானார். 1873-ல் அதே நோய் அவருக்கும் வந்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே உள்ள அடிராண்டாக் காட்டுக்குப் போனார். குணமாகும் என்று நம்பிப் போகவில்லை. வேட்டையும் காடும் அவருக்குப் பிடிக்கும், சாவதாக இருந்தால் பிடித்த இடத்தில் கிடந்து சாகலாம் என்றுதான் போனார். வண்டியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிய வழிகாட்டி, காய்ந்த ஆட்டுக்குட்டித் தோல் அளவுக்குக்கூட நீங்கள் கனம் இல்லையே என்றாராம். அங்கே அவருக்குப் பசி எடுத்தது, எடை கூடியது. அதன்பின் 42 வருடம் வாழ்ந்து 1915-ல்தான் இறந்தார். 1885-ல் சாரனாக் ஏரிப் பக்கம் அவர் கட்டிய முதல் குடிலுக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அதில் முதலில் தங்கியவர்கள் நியூயார்க் நகரில் தொழிற்சாலை வேலை பார்த்த இரண்டு சகோதரிகள்.

ட்ரூடோ ஒரு சோதனையும் செய்தார். பதினைந்து முயல்கள், ஐந்து ஐந்தாக மூன்று கூட்டம். முதல் ஐந்துக்குக் காசநோய்க் கிருமியை ஏற்றி, காற்றோட்டம் இல்லாத இருட்டில் அடைத்துக் குறைவாகத் தீனி போட்டார். இரண்டாவது ஐந்தைக் கிருமி ஏற்றாமல் அதே போல அடைத்தார். மூன்றாவது ஐந்துக்குக் கிருமியை ஏற்றி, ஏரியில் ஒரு சின்னத் தீவில் அவிழ்த்துவிட்டு நிறையத் தீனி கொடுத்தார். அடைபட்ட நோயாளி முயல்களில் நான்கு செத்தன. தீவில் ஓடித் திரிந்தவற்றில் நான்கு பிழைத்தன. நோய் இல்லாமல் அடைபட்டவை மெலிந்தன, சாகவில்லை. காற்றும் வெளிச்சமும் தீனியும் சேர்ந்தால் உடம்புக்கு எதிர்த்து நிற்கத் தெம்பு வருகிறது என்பதற்கு அந்தக் காலத்தில் கிடைத்த நல்ல சான்று இது. காடுதான் காரணமா, தீனிதான் காரணமா என்று இதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் கவனியுங்கள். இன்று வரை இந்தத் துறையில் அந்தச் சிக்கல் தீரவில்லை.

இந்தக் கதை நம் ஊருக்கும் வந்தது. சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்கள் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயரைத் தினமும் பார்க்கிறார்கள்: தாம்பரம் சானடோரியம். சானடோரியம் என்றால் காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை. 1928-ல் அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் சௌரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில், மரங்கள் அடர்ந்த இடத்தில், திறந்த வெளிச் சிகிச்சை முறையில் ஒரு சானடோரியம் நடத்தினார். கணிதமேதை ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்துக்குப் போன அதே கப்பலில் அவரும் பயணம் செய்தார். 1917-ல் ராமானுஜனுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது, அந்த மெண்டிப் சானடோரியத்தில் கொஞ்ச காலம் இருந்தார். தேறவில்லை. அடுத்தடுத்து வேறு சானடோரியங்களுக்கு மாற்றினார்கள். குளிர், பிடிக்காத சாப்பாடு, தன் மொழியில் பேச ஆள் இல்லாத தனிமை. அவருக்கு இருந்தது காசநோயே இல்லை, ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் அவருடைய நோய்க் குறிப்புகளை ஆராய்ந்த ஒருவர் வாதிட்டிருக்கிறார். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் நோய் எதுவானாலும் ஒன்று தெளிவு. ட்ரூடோ தனக்குப் பிடித்த இடத்துக்குத் தானாகப் போனார். ராமானுஜனை அனுப்பிவைத்தார்கள். ஒருவரை அமுக்கிக்கொண்டிருப்பதிலிருந்து விடுவிக்காமல், அதற்கு மேல் தனிமையையும் குளிரையும் ஏற்றிவைத்தால், எத்தனை நல்ல காற்று அடித்தும் என்ன பயன்?

அப்புறம் மருந்து வந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின், அதன்பின் பாஸ், 1950களில் ஐசோனியாசிட். மருந்து கொடுக்கும்போதும் நோயாளியைச் சானடோரியத்தில்தான் வைக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் சென்னை. சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மறு பாதி அவரவர் வீட்டில், நெரிசலான குடிசைப் பகுதிகளில், சத்துக் குறைந்த சாப்பாட்டோடு. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். முடிவு 1959-ல் வெளியானது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. காசநோய்க்காக மலைக்கும் காட்டுக்கும் போகும் காலம் உலகமெங்கும் முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. பணம் இல்லாத கோடிக்கணக்கானவர்கள் வீட்டிலிருந்தே பிழைக்க வழி திறந்ததும் இதுதான். என் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

நோயைக் குணப்படுத்தும் இடம் என்ற உரிமையைக் காடு அப்போதே இழந்துவிட்டது. அதற்குப் பிறகு மக்கள் போகாமல் இருந்திருக்க வேண்டும், இல்லையா? இருபத்து மூன்றே வருடத்தில் ஜப்பானில் காடு புதுப் பெயரோடு திரும்பி வந்தது.

1982-ல் ஜப்பானின் வனத்துறை ‘ஷின்ரின் யோகு’ என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது. வனக்குளியல் என்று பொருள். அப்போதைய வனத்துறைத் தலைவர் தோமோஹிடே அகியாமா உருவாக்கிய சொல். அப்போது அதற்குப் பின்னால் மருத்துவ ஆய்வு எதுவும் கிடையாது. வனத்துறைக்கும் ஒரு தேவை இருந்தது. 1964-ல் மர இறக்குமதியைத் தாராளமாகத் திறந்துவிட்ட பிறகு உள்ளூர் மரத்துக்கு விலை விழுந்து, அரசுக் காடுகள் கடனில் இருந்தன. வெட்டாமலே காட்டுக்கு ஒரு பயன் வேண்டியிருந்தது. அதே 1982-ல்தான், அளவுக்கு மீறிய வேலையால் வரும் சாவைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் மூன்று பேர் ஒரு நூல் வெளியிட்டார்கள். ‘கரோஷி’ என்ற சொல் மக்களிடம் பரவியது அதன் வழியாகத்தான். வேலை ஆளைக் கொல்லும் என்பதற்கு ஒரு சொல், காட்டில் போய் இரு என்பதற்கு ஒரு சொல், இரண்டும் ஒரே வருடம். இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் இரண்டாவது சொல் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொண்டது என்பது முதல் சொல்லைப் பார்த்தால் புரியும்.

‘குளியல்’ என்று பெயர் வைத்ததும் கெட்டிக்காரத்தனம். ஜப்பானியர்களுக்கு வெந்நீர் ஊற்றில் ஊறிக் கிடப்பது பரம்பரைப் பழக்கம். குளிக்கும்போது நீங்கள் எதையும் சாதிக்க வேண்டியதில்லை, சும்மா கிடந்தால் போதும். ‘மலையேறப் போகிறேன்’ என்றால் எங்கே உச்சி, எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். ‘சும்மா இருக்கப் போகிறேன்’ என்றால் விடுப்பு தர மாட்டார்கள். ‘உடம்புக்காக வனக்குளியல்’ என்றால் யாரும் எதுவும் கேட்க முடியாது. உடல்நலம் என்ற பெயர் பலருக்கு ஒரு அனுமதிச் சீட்டு. நம் ஊரில் பெண்களுக்குக் கோயிலும் நேர்த்திக்கடனும் எத்தனையோ காலமாக இதே அனுமதியைத் தந்து வந்திருக்கின்றன.

அந்த முதல் வனக்குளியல் கூட்டம் நடந்த அகாசாவா காட்டை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். நாகோயாவில் ஒரு மாநாடு முடிந்த மறுநாள் ரயிலேறி, நாகானோ மாநிலத்தில் அகேமாட்சு என்ற சின்ன ஊரில் இறங்கி, அங்கிருந்து அரை மணி நேரம் பேருந்து. முந்நூறு வயதை ஒட்டிய ஹினோகி மரங்கள். ஒரு காலத்தில் அந்தப் பகுதியில் அனுமதியில்லாமல் ஹினோகியை வெட்டினால் மரத்துக்கு ஒரு தலை என்று தண்டனை இருந்ததாம். இசே கோயிலை இருபது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்ட மரம் போவதும் இந்தக் கிசோ மலைகளிலிருந்துதான். செம்பழுப்புப் பட்டை நெடுக நார் நாராக உரிந்து தொங்குகிறது. உள்ளங்கையால் தேய்த்து முகர்ந்தால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளின வாசனையும் புதிதாகச் சீவின பென்சில் வாசனையும் சேர்ந்து வருகிறது. பழைய மர ரயில் பாதையில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் சின்ன ரயில் ஓடுகிறது. சக்கர நாற்காலி போக ஒரு பாதையில் பலகை அடித்திருக்கிறார்கள்.

ஓடைக் கரையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, அலுவலகக் கால்சட்டை. ஷூவைக் கழற்றி, சாக்ஸை மடித்து அதற்குள் வைத்து, அதன் மேல் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்திருந்தார். கால் இரண்டும் தண்ணீரில். நான் மேலே போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பி வரும்போதும் அதே இடத்தில் இருந்தார். கடிகாரமும் ஷூவுக்குள்ளேயே இருந்தது.

மருத்துவ ஆய்வுகள் இதற்கெல்லாம் பின்னால் வந்தவை. டோக்கியோவில் நிப்பான் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சிங் லீ 2005-ல், பெரிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் ஆண்கள் 12 பேரை நாகானோவின் ஈயாமா காட்டுக்கு மூன்று நாள் அழைத்துப் போனார். கிருமி தொற்றிய செல்களையும் புற்றுச் செல்களையும் தாக்கும் ‘இயற்கைக் கொல்லி அணுக்கள்’ ரத்தத்தில் உண்டு. போவதற்கு முன்பு இருந்ததைவிட அவற்றின் செயல்பாடு 12 பேரில் 11 பேருக்குக் கூடியிருந்தது, ஏறத்தாழ பாதி அளவு. விடுப்பு எடுத்ததால் வந்த மாற்றமாக இருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர்களும் கேட்டுக்கொண்டு, பிறகு ஒரு நகரச் சுற்றுலாவோடு ஒப்பிட்டார்கள். நகரத்துக்குப் போனபோது அந்த மாற்றம் வரவில்லை. மரங்கள் காற்றில் விடும் வாசனைப் பொருள்கள் ஒரு காரணம் என்பது லீயின் கருத்து. அவற்றைப் பைட்டன்சைடு என்பார்கள், சோவியத் விஞ்ஞானி போரிஸ் டோகின் வைத்த பெயர்.

இதை நான் எப்படிப் பார்க்கிறேன்? மாற்றம் நடக்கிறது என்பதை ஏற்கிறேன். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் ஆகியவை காட்டில் இருக்கும்போது கொஞ்சம் இறங்குகின்றன என்பதைப் பலர் பல காடுகளில் அளந்திருக்கிறார்கள். ஜப்பானில் மட்டும் 24 காடுகளில் 280 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆனால் 12 பேரின் ரத்தத்தில் ஒரு எண் கூடியதைப் புற்றுநோய் தடுப்பு என்று விளம்பரம் செய்வது அநியாயம். அந்த எண் கூடியதால் யாருக்காவது நோய் குறைந்ததா என்று அந்த ஆய்வுகள் பார்க்கவில்லை. மாத்திரை ஆய்வில் பொய் மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். பொய்க் காடு என்று ஒன்று கிடையாது. போகிறவருக்குத் தான் காட்டில் இருப்பது தெரியும், நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கும். அந்த எதிர்பார்ப்புக்கும் உடம்பில் பலன் உண்டு.

என் துறைக்காரனாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பிறகு மரத்துக்காக ஜப்பான் மலை மலையாக நட்ட சுகி, ஹினோகி மரங்களின் மகரந்தம் இன்று அங்கே பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு ஒவ்வாமை தருகிறது. வசந்தம் வந்தால் முகமூடியும் கண்ணீருமாகத் திரிகிறார்கள். காட்டுக் காற்று என்றாலே எல்லா நெஞ்சுக்கும் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலர் இல்லாமல் எந்தக் காட்டுக்கும் போகக் கூடாது.

பயணக் காரணங்களை ஆராய்கிறவர்கள் அவற்றை இரண்டாகப் பிரிப்பார்கள்: உள்ளேயிருந்து தள்ளுவது, வெளியேயிருந்து இழுப்பது. ஜான் கிராம்ப்டன் என்ற ஆய்வாளர் 1979-ல் 39 பேரிடம் நீளமாகப் பேசி ஒன்பது காரணங்களைக் கண்டார். அவற்றில் ஏழு, போகும் இடத்தோடு சம்பந்தமே இல்லாதவை: அன்றாடத்திலிருந்து தப்புவது, தன்னைப் பற்றி யோசித்துப் பார்ப்பது, ஓய்வு, சொந்தபந்தத்தோடு நெருங்குவது இப்படி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல், ஸ்டீபன் கப்லான் தம்பதி சொன்னது இன்னும் எனக்குப் பிடிக்கும். வேண்டுமென்றே கவனத்தைக் குவித்து வைத்திருப்பது களைத்துப்போகும் ஒரு திறன். இலை அசைவதும் தண்ணீர் ஓடுவதும் கவனத்தை மெதுவாக இழுக்கின்றன, பிடுங்குவதில்லை, அந்த நேரத்தில் களைத்த பகுதி ஆறுகிறது என்றார்கள். கொல்லிமலைக்குப் போன அம்மாவை நினைத்துப் பாருங்கள். மாமியாரின் அறையிலிருந்து எந்த நிமிடமும் குரல் வரலாம் என்று வருடக்கணக்கில் ஒரு காதை அங்கேயே வைத்திருந்தவர் அவர். தூங்கும்போதும் அந்தக் காது தூங்கவில்லை.

நோய் முற்றியவர்கள் போவது வேறு வகை. அதற்குத் தென்கொரியாவின் ஜாங்சோங் நல்ல உதாரணம். போரில் மொட்டையாகிப்போன ஒரு மலையில், 1956-லிருந்து ஏறக்குறைய இருபது வருடம் இம் ஜோங்குக் என்ற தனி மனிதர் ஹினோகி, சுகி கன்றுகளை நட்டார். 1968-ல் பெரும் வறட்சி வந்தபோது குடும்பத்தோடு முதுகில் தண்ணீர் சுமந்து கொண்டுபோய் ஊற்றினார். கடனில் மூழ்கி, காடு கையை விட்டுப் போய், 1987-ல் இறந்தார். பிற்பாடு அரசு அந்தக் காட்டை வாங்கிப் பாதுகாத்தது. புற்றுநோய்க்காரர்கள் அங்கே போய்ச் சுற்றியுள்ள கிராமங்களில் மாதக்கணக்கில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்குவது கொரியாவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அவர்களைக் கிளப்புவது ஆய்வுக் கட்டுரை இல்லை. ‘என்னைப் போலவே இருந்த ஒருவர் அங்கே போய்த் தேறினார்’ என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தை. கீமோ முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு, மருத்துவர் செய்ய இனி ஏதும் இல்லை, தான் செய்ய ஏதாவது இருக்க வேண்டும். தினமும் எழுந்து மரங்களுக்கு நடுவே நடப்பது அவர் கையில் இருக்கும் வேலை. அப்புறம், ஒத்த நோய்க்காரர்கள் எதிரே வருவார்கள். மொட்டைத் தலையை மறைக்க வேண்டாத ஊர் அது. இதைப் பொய் நம்பிக்கை என்று ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வராது. சிகிச்சையை விட்டுவிட்டு இங்கே வா என்று யாராவது கூப்பிட்டால் மட்டும், அவர்கள் செய்வது கொலைக்குச் சமம்.

நம் குற்றாலத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தலைமுறை தலைமுறையாக உடம்புக்காகப் போகிறோம். மூலிகைத் தண்ணீர் என்பார்கள். விழுகிற அத்தனை தண்ணீரில் எத்தனை மூலிகை கரைந்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. எண்ணெய் தேய்த்து, தோளிலும் முதுகிலும் அருவி அடிக்க நின்று, வெளியே வந்தால் எடுக்கும் பசியும், அன்று ராத்திரி வரும் தூக்கமும் எனக்குச் சந்தேகமே இல்லாதவை. அங்கே யாரும் தனியாகப் போவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்பமாக, வேன் பிடித்துப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சமைக்கவும் துணி துவைக்கவும் ஒரு பெண்ணைக் கூடவே அழைத்துப் போனால், அவளுக்கு மட்டும் அது குற்றாலமாக இருக்காது.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம், மிகவும் தேவைப்படுகிறவர்களால் போக முடிவதில்லை என்பது. தினக்கூலிக்காரர் மூன்று நாள் போனால் மூன்று நாள் அடுப்பு எரியாது. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்கிற பெண்ணுக்கு மாற்று ஆள் கிடையாது. கொல்லிமலை அம்மாவுக்கு ஒரு நாத்தனார் வந்து மாமியாரைப் பார்த்துக்கொண்டதால்தான் அது நடந்தது. காட்டிலேயே வாழும் மக்களையும் நாம் மறந்துவிடுகிறோம். நாம் உடம்பு தேற்றப் போகும் அதே மலைகளில், பிரசவ வலி வந்த பெண்ணைத் தூளி கட்டிச் சுமந்து இறக்கும் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன. நமக்கு நிம்மதி தரும் அந்தத் தூரம் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

தூரக் காடுதான் வேண்டும் என்பதும் இல்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரை வைத்து 2019-ல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம் செடி உள்ள வெளியில் கழித்தவர்கள், அறவே போகாதவர்களைவிடத் தங்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். அந்த 120 நிமிடத்தை ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வித்தியாசம் இல்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி இதில் உண்டு. இருந்தாலும், வருடத்துக்குப் பத்து நாள் மலையில் இருப்பதைவிட வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பக்கத்துக் கண்மாய்க்கரை மரத்தடியில் இருப்பது உங்கள் அண்ணனின் ரத்த அழுத்தத்துக்கு நீடித்த பலன் தரும் என்று நினைக்கிறேன்.

சரி, அண்ணன் விஷயத்துக்கு வருவோம். மாத்திரை பன்னிரண்டு நாளைக்கு எண்ணிக் கொடுங்கள். மழையில் மண் சரிந்து பாதை அடைத்தால் இரண்டு நாள் கூடலாம். கையடக்க ரத்த அழுத்தக் கருவி ஒன்று கொண்டுபோகட்டும். தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பார்த்துக் குறித்து வரட்டும். நிஜமாகவே அழுத்தம் இறங்கியிருந்தால் அந்தத் தாளைப் பார்த்து அவருடைய மருத்துவரே மாத்திரையைக் குறைப்பார். முழுக்கை, நீளக் காலுறை வேண்டும். புதரிலும் புல்லிலும் வெறும் உடம்போடு உட்காரக் கூடாது. திரும்பிய மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டில் தங்கினேன் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சலாக இருந்தால் உடம்பில் எங்காவது கறுத்துப்போன சிகரெட் சூடு போல ஒரு புண் இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும்.

வீட்டில் இருக்கும் நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. விடுதியின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். கேஸ் புத்தகம் எங்கே, பேங்கிலிருந்து போன் வந்ததே, மோட்டார் ஓடவில்லையே என்று மற்ற எதற்கும் அந்தப் பத்து நாளும் அவரைக் கூப்பிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேலே ஒட்டி வையுங்கள், வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.